வெட்டுத்துண்டு வாங்கும் முன் விரித்துப் பாருங்கள்



மார்கழி, தை மாதப் பனியில் லயக் காம்பராவில் ஆளுக்கொரு கம்பளி இருந்தாலும் போதாது. கடையில் புதிதாகப் போர்வை வாங்கப் போனால் கையைக் கடிக்கிறது. அதனால், வீட்டில் தையல் மெஷின் உள்ள சில தாய்மார் டவுனில் வெட்டுத்துண்டு வாங்கி வந்து ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வாங்கும் இடத்தில் ஏமாந்தால் துணியும் போச்சு, காசும் போச்சு.

எனக்குத் தெரிந்த மாதர் குழு ஒன்று, சீட்டுப் பணத்தில் ஒரு மூட்டை வெட்டுத்துண்டு வாங்கியது. மேலே நல்ல பூப்போட்ட துணி. வீட்டுக்கு வந்து பிரித்தால், நடுவில் விரல் அகல நாடாவும் டீசேர்ட் துணியும். தைத்து முடித்த ஒரு போர்வையும் முதல் கழுவலிலேயே சிவப்புச் சாயம் இறங்கி வீணாகி விட்டது. "கிலோ மலிவுதானேன்னு வாங்கிட்டோம் ஐயா. இப்ப கால்மிதிக்குத்தான் ஆகும்" என்றார் ஒரு அக்கா.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கிலோவின் விலை உண்மையான விலை அல்ல. தைக்கக் கூடிய துண்டின் விலையே விலை. கணக்குக்காக, கிலோ 200 ரூபா வீதம் 10 கிலோ வாங்குகிறோம் என்று வைப்போம். அதில் 4 கிலோதான் தைக்க உதவும் என்றால், உதவும் துணி கிலோ 500 ரூபா ஆகிறது. மலிவு எங்கே போனது?

வெட்டுத்துண்டு என்பது கார்மென்ட் தொழிற்சாலைகளில் சட்டை, கவுன் வெட்டியபின் மிஞ்சுவது. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992 இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இத்தொழிலைக் கிராமப் புறங்களுக்கும் கொண்டு போனது. தொழிற்சாலையில் மிஞ்சும் துணி போர்வைக்கென்று வெட்டப்பட்டதல்ல. ஆகவே தரம் பார்த்துப் பொறுக்குவது வாங்குபவரின் வேலை.

அமெரிக்காவில் ஒட்டுப் போர்வைக்கென்றே அளவாக வெட்டிய துணி கடையில் கிடைக்கிறது. 5 அங்குலச் சதுரம், 10 அங்குலச் சதுரம், இரண்டரை அங்குல அகல நாடா என்று கட்டுக் கட்டாக விற்கிறார்கள். அப்படி இருந்தும் அங்குள்ள பெண்கள் அப்படியே வாங்கி விடுவதில்லை. சுத்தப் பருத்தியா, அளவு சரியா, நிறங்கள் ஒன்றோடொன்று சேருமா, சாயம் இறங்குமா என்று பார்க்கிறார்கள். அளவாக வெட்டியதையே பார்த்து வாங்குகிறார்கள் என்றால், மூட்டையில் வாங்கும் நாம் எவ்வளவு பார்க்க வேண்டும்! கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. மூட்டையின் நடுவைப் பாருங்கள். மேல் துண்டு எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும். கையை உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். ஈரமோ பூஞ்சண வாடையோ இருந்தால் வேண்டாம். ஈரத் துணி பாரம் கூடும், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்போம்.

2. இழுத்துப் பாருங்கள். டீசேர்ட் துணி ரப்பர் போல இழுபடும். அதை நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் சுருங்கிக் கோணும். நெய்த துணியும் மூலைக்கு மூலை இழுத்தால் இழுபடும். அதனால் சரிவாக வெட்டுப்பட்ட துண்டை நூல் ஓட்டம் பார்த்து நேராக வெட்டிய பிறகே தைக்க வேண்டும்.

3. ஒரே பாரமுள்ள துணியாகச் சேருங்கள். டெனிம் துணியை மெல்லிய சீத்தையோடு தைத்தால், கழுவும்போது சீத்தை கிழிந்து விடும்.

4. பருத்தியா என்று அறியுங்கள். ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டு வந்து ஓரத்து நூலில் இரண்டை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே எரியுங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். உருகிய துளி தோலில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். மண்ணெண்ணெய் விளக்கு, அடுப்பு இவற்றின் பக்கத்தில் செய்ய வேண்டாம்.

5. சாயத்தைச் சோதியுங்கள். வெள்ளைத் துணியை நனைத்து, சவுக்காரம் பூசித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

6. துண்டின் அளவைப் பாருங்கள். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் போகும். 5 அங்குலத் துண்டு தைத்த பிறகு நாலரை அங்குலம்தான். 60 அங்குல அகலம், 90 அங்குல நீளமுள்ள போர்வைக்கு 12 வரிசை, 18 வரிசை என்று 216 துண்டு போதும் என நினைப்போம். தைத்துப் பார்த்தால் 54க்கு 81 அங்குலம்தான் வரும், கால் வெளியே தெரியும். 13க்கு 20 என்று 260 துண்டு வேண்டும். அப்போதுதான் ஏறக்குறைய அந்த அளவு கிடைக்கும்.

தைக்கும் முன் துண்டுகளை ஒருமுறை கழுவிக் காயவைத்து, ஸ்திரி போட்டு, பிறகு அளவாக வெட்டுங்கள். சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடும். சின்னத் துண்டாக வெட்டிய பின் கழுவினால் ஓரம் பிரிந்து நூல் நூலாக வரும்.

குழுவாக வாங்குவதானால் தனியே ஒருவரை அனுப்பாதீர்கள். தைக்கத் தெரிந்தவர் ஒருவரும் கணக்குத் தெரிந்தவர் ஒருவருமாக இரண்டு பேர் போகட்டும். முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கி வந்து, கழுவித் தைத்துப் பாருங்கள். பிறகு மூட்டையைப் பற்றிப் பேசலாம். உதவாத துண்டைத் தலையணைக்கு அடைக்கலாம், கால்மிதி பின்னலாம். ஆனால் அதற்காகவே காசு கொடுக்கத் தேவையில்லை.

கொழுந்து நிறுக்கும்போது தராசைக் கவனமாகப் பார்க்கிறவர்கள் நாம். துணி வாங்கும்போதும் அதே கண் வேண்டும். மூட்டையை விரித்துக் காட்ட மாட்டேன் என்று சொல்கிற வியாபாரியிடம், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.