விண்வெளிப் பயணியின் உயிருக்கு யார் பொறுப்பு?

2014 அக்டோபர் 31. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள மொஹாவி பாலைவனத்தின் மேலே, தாய் விமானம் சுமந்து சென்ற விஎஸ்எஸ் எண்டர்பிரைஸ் விண்கலம் விடுவிக்கப்பட்டது. விர்ஜின் கேலக்டிக் நிறுவனத்தின் சுற்றுலாத் திட்டத்துக்காக ஸ்கேல்ட் காம்போசிட்ஸ் கட்டிய கலம் அது. சோதனைப் பயணம் என்பதால் உள்ளே இரண்டு விமானிகள் மட்டுமே இருந்தார்கள்.

அந்தக் கலத்தின் வால், கீழே இறங்கும் நேரத்தில் மேல்நோக்கி மடங்கும். இறகுப்பந்து நிதானமாக நேர்பட்டு விழுவதுபோல் கலமும் விழ வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. வாலைப் பிடித்திருக்கும் பூட்டை, ஏறும்போது வேகம் ஒலியைப்போல் 1.4 மடங்கை எட்டிய பிறகே திறக்க வேண்டும். துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி 0.8 மடங்கிலேயே நெம்புகோலை இழுத்துத் திறந்துவிட்டார். வாலை மடக்கும் இன்னொரு நெம்புகோலை யாரும் தொடவில்லை. ஆனால், அந்த வேகத்தில் காற்றின் விசையே வாலை மடக்கியது. விடுவிக்கப்பட்டுக் கால் நிமிடம் ஆவதற்குள் கலம் வானில் சிதறியது. ஆல்ஸ்பரி உயிரிழந்தார். இருக்கையோடு வெளியே வீசப்பட்ட விமானி பீட்டர் சீபோல்டு, பாராசூட் உதவியுடன் படுகாயங்களோடு தரையிறங்கினார்.

ஒருவர் சில வினாடி முந்தியதால் மட்டும் நடந்த விபத்தா இது? அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு மனிதத் தவறே கலத்தை அழித்துவிடும் என்ற சாத்தியத்தை, கலத்தைக் கட்டிய நிறுவனம் கணக்கில் எடுக்கவில்லை என்று 2015-இல் அது முடிவுசெய்தது. அனுமதி வழங்கிய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-யையும் வாரியம் விட்டுவைக்கவில்லை. அங்குள்ள தொழில்நுட்ப அலுவலர்கள் எழுப்பிய கேள்விகளில், தரையில் உள்ள பொதுமக்களின் பாதுகாப்போடு நேரடித் தொடர்பில்லாதவை மேலதிகாரிகளால் வடிகட்டப்பட்டன. 120 நாள் கெடுவுக்குள் அனுமதி தர வேண்டிய நெருக்கடி இருந்ததும் விசாரணையில் பதிவானது.

சட்டம் என்ன சொல்கிறது?

மேலதிகாரிகள் வடிகட்டியதற்கு வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, தனியார் விண்கலம் வெடித்தால் தரையில் இருப்பவர்களுக்கும் அவர்களின் சொத்துக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது எஃப்ஏஏ-யின் கடமை. கலத்துக்குள் இருப்பவர்களின் பாதுகாப்புக்கென முன்கூட்டியே விதி வகுக்க அதற்கு அதிகாரம் இல்லை. உயிரிழப்போ கடும் காயமோ, அதற்கு இட்டுச்செல்லக்கூடிய பெரும் கோளாறோ நிகழ்ந்த பிறகே அது தொடர்பாகக் கட்டுப்பாடு விதிக்கலாம்.

கட்டணம் செலுத்தி ஏறுபவரை இந்தச் சட்டம் ‘பயணி’ என்று அழைப்பதே இல்லை. ‘விண்பயணப் பங்கேற்பாளர்’ என்கிறது. இந்தக் கலம் மனிதர்களை ஏற்றிச் செல்லப் பாதுகாப்பானது என்று அமெரிக்க அரசு சான்றளிக்கவில்லை என்பதை நிறுவனம் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைப் படித்து அவர் கையெழுத்திட வேண்டும். அத்துடன் அரசின் வேலை முடிந்தது.

தொழில் தவழும் பருவத்தில் இருக்கிறது, கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். முதலில் கொடுத்தது 8 ஆண்டு. அந்தக் கெடு 2015-க்கும், பின்னர் 2023-க்கும் தள்ளிப்போனது; அடுத்து மாதக்கணக்கில் நீண்டு, இப்போது 2028 ஜனவரி 1 வரை வந்து நிற்கிறது.

நிறுவனங்களின் வாதம்

பறந்த கலங்கள் குறைவு, ஒவ்வொன்றின் வடிவமைப்பும் வேறு, அவசரப்பட்டு விதி வகுத்தால் புதுமை முடங்கும் என்கின்றன நிறுவனங்கள். இதில் நியாயம் உண்டு. 2022 செப்டம்பரில் புளூ ஆரிஜின் ராக்கெட் நடுவானில் பழுதானபோது, ஆளில்லாத அதன் பயணக்கூடு தானாகப் பிரிந்து பத்திரமாகத் தரையிறங்கியது. அந்தத் தப்பிக்கும் அமைப்பை நிறுவனம் தானே முன்வந்து வைத்திருந்தது. வைக்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை. எல்லா நிறுவனங்களும் அப்படி வைக்கும் என்பதற்கு என்ன உறுதி?

விமானத்தின் வரலாறு இங்கே பாடமாகும். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-இல். அமெரிக்காவின் முதல் வான் வணிகச் சட்டம் வந்தது 1926-இல். அதைக் கேட்டு வாங்கியதே விமானத் தொழில்துறைதான். பாதுகாப்பு விதி இல்லாத விமானத்தில் மக்கள் ஏற மாட்டார்கள் என்பதை அது உணர்ந்திருந்தது.

அரசியல் நுழையும் இடம்

2024 ஜூனில் நாசா விண்வெளி வீரர்கள் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் போயிங்கின் ஸ்டார்லைனர் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றார்கள். ஹீலியம் கசிந்தது, சில உந்துகருவிகள் செயலிழந்தன. அதே கலத்தில் அவர்களை அழைத்து வரலாம் என்றது போயிங். சேலஞ்சர், கொலம்பியா விண்கல விபத்துகளில் 14 பேரைப் பறிகொடுத்த நாசா ஆகஸ்ட் மாதம் மறுத்துவிட்டது. ஸ்டார்லைனர் காலியாகத் திரும்பியது. இருவருக்கும் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. 286 நாள்களுக்குப் பிறகு, 2025 மார்ச் 18 அன்று பூமிக்கு வந்தார்கள். இதற்கிடையே, பைடன் அரசு அவர்களைக் கைவிட்டுவிட்டது என்று டிரம்ப்பும் ஸ்பேஸ்எக்ஸ் தலைவர் ஈலான் மஸ்க்கும் குற்றம்சாட்டினார்கள். ஆனால், வீரர்கள் இருவரும் திரும்பும் ஏற்பாடு டிரம்ப் பதவிக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. நாசா எடுத்த பாதுகாப்பு முடிவு ஒன்று, அரசியல் ஏச்சுப்பேச்சுக்குள் இழுத்துவிடப்பட்டது.

எஃப்ஏஏ-க்கும் இந்த அனுபவம் உண்டு. உரிம விதிகளை மீறியதாகக் கூறி 2024 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸுக்கு 6,33,009 டாலர் அபராதம் விதிக்க அது முன்மொழிந்தது. நிர்வாகி மைக் விட்டேக்கர் பதவி விலக வேண்டும் என்றார் மஸ்க். ஐந்தாண்டுப் பதவிக்கு வந்திருந்த விட்டேக்கர், டிரம்ப் பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே விலகினார். அதற்கு நான்கு நாள் முன்புதான் ஸ்டார்ஷிப் ராக்கெட் வெடித்து, கரீபியன் பகுதியில் விமானங்கள் திசைதிருப்பப்பட்டிருந்தன. ஒழுங்குபடுத்தும் அமைப்பின் தலைவரை, ஒழுங்குபடுத்தப்படும் நிறுவனத்தின் தலைவர் வெளியேறச் சொல்லும் சூழலில், தரையில் இருப்பவர்களின் பாதுகாப்புக்குக்கூட முழு உத்தரவாதம் இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

சுனிதாவுக்காக ‘இதில் ஏறாதே’ என்று சொல்ல நாசா இருந்தது. கலத்தைக் கட்டிய நிறுவனம் சரி என்றபோதும் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இருந்தது. விர்ஜின் கேலக்டிக் கலத்திலோ புளூ ஆரிஜின் கலத்திலோ பணம் கட்டி ஏறுபவருக்காக அப்படிச் சொல்ல எவரும் இல்லை. கலத்தை விற்பவரும் அதன் பாதுகாப்பைத் தீர்மானிப்பவரும் ஒருவரே.

2028 ஜனவரி 1 நெருங்கும்போது, இன்னொரு நீட்டிப்புக்கான கோரிக்கை வரும். அதற்கு அமெரிக்க நாடாளுமன்றம் இணங்கக் கூடாது. நூறு விதிகள் வேண்டாம். ஒரு மனிதத் தவறால் கலம் அழியாது என்று காட்ட வேண்டும், அதைச் சரிபார்க்கும் அலுவலரை எந்த முதலாளியாலும் எந்த அதிபராலும் அசைக்க முடியக் கூடாது என்ற இரண்டு விதிகளோடு தொடங்கலாம். படிவத்தில் பயணி இடும் கையெழுத்து, அரசு செய்ய வேண்டிய சோதனைக்கு ஈடாகாது.