ஹாரன் ஊமையா? ஏர்பேக்கைக் கவனிங்க!

கெஞ்சிக் கூத்தாடி அப்பாகிட்ட கார் சாவி வாங்கிட்டீங்க. பின் சீட்டில் நண்பர்கள் கூட்டம். தெருமுனையில் ஹாரனை அமுக்கினா சத்தமே இல்லை! ஸ்டீயரிங்கில் இருக்கிற வால்யூம் பட்டனும் அவுட். டேஷ்போர்டில், சீட்டில் உட்கார்ந்த ஆளுக்கு முன்னால் பலூன் இருக்கிற மாதிரி ஒரு விளக்கு எரியுது. 'ஹாரன்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்'னு கிளம்பிடாதீங்க பாஸ். இந்த மூணும் சேர்ந்து வந்தா, பெரும்பாலும் குற்றவாளி ஒரே ஆள்தான். பேரு, க்ளாக் ஸ்பிரிங்!

யார் இந்த ஆசாமி?

ஹாரன் பட்டன், ஆடியோ பட்டன், டிரைவர் ஏர்பேக் எல்லாமே சுத்துகிற ஸ்டீயரிங் வீலில் இருக்கு. அதுக்கெல்லாம் கரன்ட் வர்ற ஒயரோ, சுத்தாத பக்கத்தில் இருக்கு. ரெண்டையும் சாதாரண ஒயரால் இணைச்சா, நாலு தடவை வண்டியைத் திருப்புறதுக்குள்ள முறுக்கி அறுந்துடும்.

ஹாரன் மட்டுமே இருந்த பழைய கார்களில், வளையத்தில் உரசுகிற ஒரு உலோகத் துண்டே போதுமானதா இருந்தது. ஹாரன் ஒரு தடவை சொதப்பினா, மறுபடி அமுக்கிக்கலாம். ஏர்பேக்குக்கு அந்த ரெண்டாவது சான்ஸ் கிடையாது. அதனால, நடுவில் எங்கேயும் விட்டுப்போகாத ஒரே கேபிளா போட்டாங்க. வட்டமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தட்டையான ரிப்பன் கேபிள் சுருண்டு படுத்திருக்கும். வீலை ஒரு பக்கம் திருப்பினா சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பினா தளரும். சாவி கொடுக்கிற கடிகாரத்து ஸ்பிரிங் மாதிரியே இருக்கிறதால இந்தப் பேர். 'ஸ்பைரல் கேபிள்'னும் சொல்வாங்க.

விளையாட்டு இல்லை!

மோதின நொடியில், கன்ட்ரோல் யூனிட் அனுப்புகிற கரன்ட் இந்த கேபிள் வழியாத்தான் டிரைவர் ஏர்பேக்குக்குப் போகணும். நீங்க கண் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள பை விரிஞ்சிருக்கும். கேபிள் அறுந்திருந்தா? விரியாது. அந்த விளக்கு முன்கூட்டியே சொல்ற சேதி இதுதான்.

2014 ஏப்ரலில் டொயோட்டா உலகம் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைச்சுது. அதுக்கான காரணங்களில் ஒண்ணு, இந்த ஸ்பைரல் கேபிள். இந்தியாவில் மட்டும் சுமார் 45,000 இன்னோவாக்கள் இதில் சிக்கின. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கிற புது கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். ஆக, உங்க வீட்டு காரிலும் இந்த டப்பா இருக்க வாய்ப்பு அதிகம்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறீங்களா? சாவியை 'ஆன்' பண்ணுங்க. ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிஞ்சு அணையணும். அணையலைன்னா கோளாறு. எரியவே இல்லைன்னா இன்னும் உஷார்! கோளாறை மறைக்க விளக்கையே யாராவது பிடுங்கியிருக்கலாம்.

மாத்துறது எப்படி?

ஹாரன் மட்டும் வேலை செய்யலைன்னா முதலில் ஃப்யூஸ், ரிலே பாருங்க. க்ளாக் ஸ்பிரிங்தான்னு உறுதியானா, பயிற்சி பெற்ற மெக்கானிக்கிட்ட விடுங்க. ஏர்பேக்குக்குள்ள இருக்கிறது வெடிச்சு வாயு கக்குகிற மருந்து. பக்கத்தில் நின்னு நீங்க கவனிக்க வேண்டியவை இவை:

* முன் சக்கரங்கள் நேரா இருக்கணும். சாவி 'ஆஃப்'. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றணும்.

* உடனே கை வைக்கக் கூடாது. பேட்டரி போன பிறகும் கன்ட்ரோல் யூனிட்டின் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் சார்ஜ் இருக்கும். கார் கையேடு சொல்ற நேரம் காத்திருக்கணும்.

* கழற்றின ஏர்பேக்கைத் தூக்கும்போது மூடி உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்க்கணும். கீழே வைக்கும்போது மூடி மேலே இருக்கணும். அதில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது. மீட்டரின் சின்ன கரன்டே அதை வெடிக்க வெச்சிடலாம்.

* வீலைக் கழற்றும் முன் வீலுக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு அடையாளக் கோடு. நட்டை முழுசா எடுக்காம சில மரைகளில் விட்டுட்டு வீலை இழுக்கணும். இல்லைன்னா வீல் மூஞ்சியில் வந்து மோதும்.

* புது க்ளாக் ஸ்பிரிங் நடுநிலையில் பூட்டப்பட்டு வரும். பொருத்தி முடிக்கிற வரை அந்தப் பூட்டை எடுக்கக் கூடாது.

இந்தக் கடைசி விஷயம்தான் உயிர்நாடி. கேபிள் ரெண்டு பக்கமும் சமமா சுத்த இடம் வேணும். நடு தவறி மாட்டினா, ஒரு பக்கம் முழுசா வண்டியைத் திருப்பும்போது 'படக்'குனு அறுந்துடும். பூட்டு விலகிட்டா, கையால் மெதுவா ஒரு கோடி வரை சுத்தி, அங்கிருந்து மறு கோடி வரை எத்தனை சுத்துன்னு எண்ணி, அதில் பாதி திரும்பி வந்து, அம்புக்குறிகளைச் சேர்க்கணும். சரியான எண்ணிக்கை கையேட்டில் இருக்கும். வேறு வேலைக்காக ஸ்டீயரிங் தண்டைக் கழற்றிப் போட்டிருக்கும்போது யாராவது வீலைச் சும்மா சுத்தினாலும் இதே கதிதான்.

வேலை முடிஞ்சதும் ஹாரன் அடிச்சுப் பார்த்துட்டுக் கிளம்பிடாதீங்க. ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அணையுதான்னும் பாருங்க. சில கார்களில் பழைய கோளாறுக் குறியீட்டை ஸ்கேனர் போட்டு அழிச்சாத்தான் அணையும்.

ஹாரன் இல்லாட்டி ஜன்னல் வழியா கத்தியாவது வழி கேட்கலாம். ஏர்பேக்குக்கு மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது. விளக்கு எரிஞ்சா, வொர்க் ஷாப்புக்கு வண்டியை விடுங்க!