முதல் மணிக்கு முன்

தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே விழும் குறி, அந்தக் குழந்தையின் ஆர்வத்தையோ சோம்பலையோ காட்டுவதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள குழந்தை எத்தனை மணிக்கு எழுப்பப்படுகிறது, அதற்குக் காலையில் உண்ண ஏதேனும் கிடைக்கிறதா, பள்ளிவரை அழைத்துச் செல்ல ஆள் இருக்கிறதா, ஊர்த் திருவிழாவுக்கும் உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் எத்தனை நாள் விடுப்பு எடுக்கப்படுகிறது என்பனவற்றையெல்லாம் முடிவு செய்பவர்கள் பெரியவர்களே. ஆகவே இளம் குழந்தைகளின் வருகையையும் நேரந்தவறாமையையும் மேம்படுத்த விரும்புவோர், குழந்தையைத் திருத்த முனைவதற்கு முன் அதன் காலைப்பொழுதைச் சீரமைக்க வேண்டியிருக்கிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்று வரையறுத்துள்ளது. இதில் மாதத்துக்கு இரண்டே நாள் தவறவிடும் குழந்தை, பத்து மாதத்தில் 20 நாள்களை, அதாவது கல்வியாண்டின் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. காரணம் காய்ச்சலாயினும் கல்யாணமாயினும், விடுப்புக் கடிதம் கொடுக்கப்பட்டிருப்பினும் இல்லாவிடினும், இந்த அளவை எட்டும் இழப்பைக் கல்வி ஆய்வாளர்கள் நாட்பட்ட வருகையின்மை என்று தனியே பிரித்துக் காண்கின்றனர். பள்ளி முழுமைக்குமான சராசரிக் கணக்கில் இது வெளிப்படுவதில்லை. முப்பது பேர் படிக்கும் வகுப்பில் வருகை 90 விழுக்காடு என்றால், எல்லோரும் அவ்வப்போது வராதிருந்தார்கள் என்றும் கொள்ளலாம், மூன்று குழந்தைகள் ஆண்டு முழுவதும் வரவேயில்லை என்றும் கொள்ளலாம். தாமதத்தின் கணக்கும் இத்தகையதே. நாள்தோறும் பத்து நிமிடம் பிந்தி வரும் குழந்தை 200 நாளில் ஏறத்தாழ 33 மணி நேரத்தை இழக்கிறது. சட்டம் வகுத்த அளவுப்படி நாளொன்றுக்கு நான்கு மணி நேரக் கற்பித்தல் என்று கொண்டால், அது எட்டுப் பள்ளி நாள்களுக்குச் சமமாகும்.

இந்த இழப்பு தொடக்க வகுப்புகளில் கூடுதலாகத் தாக்குவதற்குக் காரணம், அங்கே ஒவ்வொரு நாள் பாடமும் முந்தைய நாள் பாடத்தின்மேல் எழுப்பப்படுவதுதான். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னும் துணைக்கால் பின்னும் நின்று ‘கொ’ என ஒலிப்பது கற்பிக்கப்படும் நாளில் வராத குழந்தைக்கு, மறுநாள் கரும்பலகையில் எழுதப்படும் ‘கொடி’யும் ‘பொம்மை’யும் புரியாத குறிகளாகவே நிற்கும். பிந்தி வரும் குழந்தைக்கோ அன்றைய பாடத்தின் தொடக்கம் கிட்டுவதில்லை. புரியாத வகுப்பில் உட்கார்ந்திருப்பது அச்சத்தைத் தருவதால், அது மறுநாள் வயிற்றுவலி என்று வீட்டிலேயே தங்கிவிட விரும்புகிறது. இவ்வாறு வராமை மேலும் வராமையை வளர்க்கிறது.

காலைப்பொழுதின் சிக்கல்களுள் முதலாவது பசி என்பதைத் தமிழ்நாடு வெகுகாலம் முன்பே உணர்ந்திருந்தது. 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்க முடிவு செய்தது. பின்னர் 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும் தொடங்கப்பட்டன. எனினும் நண்பகல் உணவு குழந்தையைப் பள்ளிக்கு வரவைக்குமேயன்றி, முதல் மணிக்கு முன் வரவைப்பதில்லை. தாயும் தந்தையும் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகளில், குழந்தை வெறும் வயிற்றோடு வருவதும் தாமதித்து வருவதும் வழக்கமாயிருந்தன.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்த இடைவெளியை நிரப்ப முற்பட்டது. முதற்கட்டமாக 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவை காய்கறிச் சாம்பாருடன் வகுப்பு தொடங்குமுன் பரிமாறப்படுவதால், சாப்பிட விரும்பும் குழந்தை சற்று முன்னதாகவே வந்தாக வேண்டும். எவரும் அதட்டாமலும் தண்டிக்காமலும், வீட்டுப் பெரியவர்களின் ஒரு வேலையைப் பள்ளி ஏற்றுக்கொள்வதன் மூலம் நேரந்தவறாமைக்கு வழிசெய்யும் ஏற்பாடு இது.

உணவுக்கு அடுத்தபடியாக வருவன தூக்கமும் உடல்நலமும் ஆகும். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. காலை ஆறரை மணிக்கு எழ வேண்டிய குழந்தை இரவு ஒன்பதரைக்குப் பின்னும் கைப்பேசியோடு விழித்திருந்தால், மறுநாள் தாமதம் முந்தைய இரவே முடிவாகிவிடுகிறது. குடற்புழுக்களும் சோர்வையும் வயிற்று உபாதையையும் தந்து பள்ளி நாள்களைக் குறைக்கக்கூடும். கென்யாவின் புசியா மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புழுநீக்க மாத்திரை கொடுத்தபோது வராமை ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது என்று மைக்கேல் கிரீமரும் எட்வர்ட் மிகுவெலும் 2004இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. அதன் கணக்கீடுகளில் சில பின்னாளில் விவாதத்துக்கு உள்ளாயினும், இந்தியாவில் 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை பள்ளிகளிலேயே வழங்கப்படுவது பயனுள்ள ஏற்பாடே. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் குழந்தையை வீட்டில் வைத்திருப்பதே முறை. லேசான சளிக்கு அது தேவையில்லை.

தம் குழந்தை எத்தனை நாள் பள்ளியைத் தவறவிட்டது என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் குறைத்தே நினைக்கின்றனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாட் ராஜர்ஸும் ஏவி ஃபெல்லரும் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை வராத நாள்களின் மொத்த எண்ணிக்கையை அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பியதாலேயே நாட்பட்ட வருகையின்மை பத்து விழுக்காடோ அதற்கு மேலுமோ குறைந்தது தெரியவந்தது. இங்குள்ள பள்ளிகளும் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இந்த எண்ணிக்கையையும் தனித்தனியே தெரிவிக்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. முழு வருகைக்கான பரிசோ எதிர்பார்த்த பலனைத் தருமென்ற உறுதியில்லை. கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், முன்னறிவிப்பின்றிப் பரிசு பெற்றவர்களின் வருகை பின்னர் சற்றே குறைந்தது. சிறு குழந்தையைப் பொறுத்தவரை இதில் வேறொரு குறையும் உண்டு: ஜூலையில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால், ஆண்டின் எஞ்சிய நாள்களுக்கு அந்தப் பரிசு எட்டாக்கனி ஆகிவிடுகிறது.

பிந்தி வந்த குழந்தையை வாசலில் நிறுத்துவதும் முட்டி போடச் செய்வதும், உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்கு மாறானவை. தாமதித்த பத்து நிமிடத்தோடு மேலும் அரைமணி நேரப் பாடத்தை இழக்கச் செய்வதால் பயனற்றவையும்கூட. அடிக்கடி பிந்தும் குழந்தையின் வீட்டுச் சூழலை ஆசிரியர் கேட்டறிந்து, அதே தெருவிலிருந்து வரும் மூத்த மாணவரோடு சேர்த்து அனுப்புவதற்கோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியின் பொறுப்பை அங்கன்வாடி ஏற்பதற்கோ பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஏற்பாடு செய்ய முடிந்தால், தாமதத்தின் காரணமே விலகும். விடுப்பு முடிந்து திரும்பும் குழந்தையை ‘ஏன் வரவில்லை’ என்ற கேள்வியோடு எதிர்கொள்ளாமல், அது தவறவிட்ட கொம்பையும் துணைக்காலையும் அன்று காலையிலேயே பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்துவிட்டால், மறுநாள் வராதிருப்பதற்கான காரணங்களில் ஒன்றாவது குறைந்துவிடும்.