பெட்டிக்கு விலையா, துப்பாக்கிக்கு விலையா?

1977இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்துக்கு 125 வயது நிறைந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உள்ள அந்த ஆலை, விழாவுக்கென்றே ஒரு ரிவால்வரை வெளியிட்டது. மாடல் 25-3 என்று பெயர். ஆறரை அங்குலக் குழல், .45 கோல்ட் தோட்டா, பக்கத் தகட்டில் பொன்னிற முத்திரை. அழகான மரப்பெட்டியில் பதக்கமும் நிறுவன வரலாற்றுப் புத்தகமும் கூட வந்தன. எத்தனை செய்தார்கள்? சுமார் பத்தாயிரம்.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுடுவதற்காக வாங்கவில்லை. நாளை விலை ஏறும் என்று நம்பி, பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தைகளில் இன்றும் அந்த மாடல், ஆலையை விட்டு நேற்று வந்ததுபோல் பளபளப்பாகக் கிடைக்கிறது. 1961 முதல் இன்னொரு துப்பாக்கி நிறுவனமான கோல்ட் ஆண்டுக்கு ஆண்டு வெளியிட்ட நினைவுப் பதிப்புகள் பலவற்றுக்கும் இதே கதிதான். சிறப்புப் பதிப்பு என்ற சொல்லை நம்பி, பழைய ரிவால்வருக்குக் கூடுதல் விலை கொடுக்க நினைப்பவர் இதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

உண்மையிலேயே அரிதானது எது என்று பார்க்க, நாற்பது ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும். 1935இல் இதே நிறுவனம் .357 மேக்னம் என்ற புதிய தோட்டாவையும் அதைச் சுடும் ரிவால்வரையும் கொண்டுவந்தது. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது. ஆனாலும் விலை 60 டாலர். அந்த விலைக்கு ஈடாக, வாங்குபவர் கேட்ட வடிவில் ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து கொடுத்தார்கள். குழல் நீளம் மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் வரை, கால் அங்குலப் படிகளில். குறி பார்க்கும் முன்முனையும் கைப்பிடியும் விருப்பப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. உடன் வந்த அட்டையை நிரப்பி அனுப்பினால் உரிமையாளர் பெயரில் சான்றிதழ் வீடு தேடி வரும். அதனால்தான் அதற்கு ரெஜிஸ்டர்டு மேக்னம் என்ற பெயர். முதலாவது, எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டனின் இடுப்பில் தந்தக் கைப்பிடியுடன் தொங்கியவற்றுள் ஒன்று இந்த வகைதான். கேன்சஸ் சிட்டி காவல் துறையும் தன் ஆட்களுக்கு வாங்கியது.

1930களின் முடிவுக்குள் இந்தப் பதிவு முறை நின்றுபோனது. மொத்தம் செய்தது ஏறத்தாழ 5,500. அவற்றில் பல காவலர்களின் தோலுறையில் உரசித் தேய்ந்தன, மழையில் நனைந்தன, மறுபூச்சு கண்டன. நல்ல நிலையில் தப்பியவை கொஞ்சமே என்பதால், நினைவுப் பதிப்பைப்போல் பல மடங்கு விலைக்கு அவை போகின்றன. விலை ஏறியதும் போலிகளும் வந்துவிட்டன.

ஆகவே அடையாளம் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ரிவால்வர்களில் எதைக் கையில் வாங்கினாலும் முதல் வேலை, சிலிண்டரை வெளியே சாய்த்து ஆறு அறைகளும் காலி என்று கண்ணால் பார்ப்பது. அப்படிச் சாய்த்ததும் சிலிண்டரைத் தாங்கும் கையும் அது வந்து அமரும் பள்ளமும் தெரியும். ரெஜிஸ்டர்டு மேக்னம் என்றால் அந்தப் பள்ளத்தில் ‘ரெஜ்’ என்பதன் ஆங்கில எழுத்துகளும் பதிவு எண்ணும் குத்தப்பட்டிருக்கும். 1957க்குப் பிறகு வந்தவற்றில் அதே இடத்தில் மாடல் எண் இருக்கும். 25-3 என்பதில் கோட்டுக்குப் பின்னால் வரும் 3, அந்த மாடலில் செய்த மாற்றத்தின் வரிசையைக் குறிக்கும்.

புதியவர்கள் வழுக்கும் இடமும் இதுதான். அந்தப் பள்ளத்தில் வேறு சில எண்களும் இருக்கும். அவை ஆலைக்குள் உதிரிகளை ஒன்றுசேர்க்கப் போட்ட எண்கள். துப்பாக்கியின் வரிசை எண் அல்ல. வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கிறது. பெரிய மரக்கைப்பிடி அதை மறைத்திருந்தால் திருகைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். விற்பவர் கழற்றத் தயங்கினால் அதுவே ஒரு தகவல். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துப்பாக்கிகளில் அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடியிலும், வலப்பக்கக் கைப்பிடியின் உட்புறத்திலும் இருக்க வேண்டும். எண்கள் ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு பாகம் வேறு துப்பாக்கியிலிருந்து வந்திருக்கிறது. 1977 பதிப்பில் இன்னொரு சோதனையும் உண்டு. 1982 வாக்கில் கைவிடும் வரை, இந்த ஆலை குழலைச் சட்டத்தில் திருகி, குறுக்கே ஒரு சின்ன ஊசியால் பூட்டியது. அந்த ஊசி இல்லாவிட்டால் குழலைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து எஃகின் நீலநிறம். பெயர் வெட்டிய பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்தே மங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய நீலத்தை உரித்து மெருகேற்றி மறுபடி நீலமேற்றும்போதும் அதுவே நடக்கிறது: கூரான விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகள் கிண்ணம்போல் குழியும், முத்திரை எழுத்துகள் ஆழம் இழக்கும். சுத்தியலையும் விசையையும் பாருங்கள். ஆலை அவற்றின் மேற்பரப்பைப் பல வண்ணம் படரும்படி கடினமாக்கித் தரும். அவையும் நீலமாக இருந்தால் வெளிப்பட்டறை வேலை என்று சொல்லிவிடலாம். ஆலைக்கே திரும்பிப்போய்ச் சீரானவற்றில் வரிசை எண்ணின் அருகே ஒரு நட்சத்திரம் குத்தியிருப்பதுண்டு. அது குற்றமில்லை, ஆனாலும் விலை குறையும்.

இயக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். விற்பவரின் அனுமதியோடு சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால், அது முழுதாகக் கொக்கி விழுமுன்பே சிலிண்டர் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஒன்றில் பிந்தினாலும் பழுதுபார்ப்புச் செலவு காத்திருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தாலும் பெருந்தொகை கொடுக்குமுன் ஆலைக் கடிதம் கேளுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளை, கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய பதிவேடுகளைப் பார்த்து, அந்த வரிசை எண் எந்த நாளில், எந்த ஊருக்கு, எந்தக் குழல் நீளத்தோடு அனுப்பப்பட்டது என்று எழுதித் தருகிறது. குத்திய எழுத்தைப் போலி செய்யலாம். எண்பது ஆண்டுக்கு முந்தைய பதிவேட்டைத் திருத்த முடியாது.

அமெரிக்கச் சட்டமும் இதில் உண்டு. 1968 முதல், வெவ்வேறு மாநிலத்தவர் இருவர் தமக்குள் நேரடியாகக் கைமாற்றக் கூடாது. உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே மாற்ற வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்பாளர் உரிமம் உள்ளவர் நேராகப் பெற்றுக்கொள்ளலாம்.

நினைவுப் பதிப்பு வாங்கவே கூடாதா? சேகரிக்க வாங்குவதென்றால் பெட்டி, புத்தகம், பதக்கம் எல்லாம் முழுமையாக, சிலிண்டரில் சுழற்சிக் கீறல்கூட விழாமல் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஏதாவது ஒன்று குறைந்தாலும் சேகரிப்பாளர் விலையைக் கொடுக்காதீர்கள். சுடுவதற்கு என்றால் என் தீர்ப்பு நேர்மாறானது: பெட்டி தொலைந்த, முன்பே சுட்ட மாடல் 25-3 தான் நல்ல பேரம்.