கடலில் எதிர்ப்படும் வள்ளம்

குறிகட்டுவான் துறையிலே படகேறி நயினாதீவுக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு விந்தையைக் கண்டிருத்தல் கூடும். நமது படகு மேற்கே போகின்றது. இடப்புறத்தே தொலைவில் ஒரு வள்ளம் அனலைதீவை நாடி வடக்கே போகின்றது. அதன் அணியம் வடக்கையே நோக்கியிருப்பினும், நம் கண்ணுக்கு அது பக்கவாட்டாக நகர்ந்து நம்மை நோக்கி வருவதாகவே தோன்றுகின்றது. இது கண்மயக்கமா? அன்று. இதுவே சார்பு வேகம்.

வேகத்திற்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. இத்தகைய கணியத்தைக் காவி என்பர்; அம்புக்குறியாற் குறிப்பர். அம்பின் நீளம் அளவையும் முனை திசையையும் காட்டும். வள்ளத்தின் வேகத்திலிருந்து நம் வேகத்தைக் கழித்தால், அது நமக்குத் தோன்றும் வேகம் கிடைக்கும். கழித்தலாவது, நமது அம்பை எதிர்த்திசைக்குத் திருப்பி, வள்ளத்தின் அம்போடு கூட்டுதலேயாம்.

நமது படகு மேற்கே மணிக்கு 8 கிலோமீற்றரும், வள்ளம் வடக்கே 6 கிலோமீற்றரும் செல்வதாகக் கொள்வோம். நமது அம்பைத் திருப்பினால் கிழக்கே 8. அதனோடு வடக்கே 6 சேர, செங்கோண முக்கோணம் ஒன்று அமையும். அதன் செம்பக்கம் 10. ஆகவே, வள்ளம் வடகிழக்குப் பக்கமாக மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் வருவதாக நமக்குத் தோன்றும்.

இப்பொழுது அவ்வள்ளம் நமக்கு மேற்கே 800 மீற்றரும் தெற்கே 600 மீற்றரும் விலகி நிற்பின், இடைத்தூரம் 1000 மீற்றர். மூன்று நிமிடம் கழிந்தால் மேற்கே 400, தெற்கே 300, இடைத்தூரம் 500. தூரம் பாதியாயிற்று, திசையோ சிறிதும் மாறவில்லை. ஆறாவது நிமிடத்தில் இரண்டும் மோதும்!

நீரோட்டம் காப்பாற்றாதோ எனில், காப்பாற்றாது. ஒரே நீரோட்டம் இரண்டு கலங்களையும் ஒருங்கே இழுப்பதால், கழிக்கும்பொழுது அது நீங்கிவிடும்.

நெருங்கிவரும் கலத்தின் திசை குறிப்பிடத்தக்க அளவு மாறாதாயின் மோதும் ஆபத்து உண்டெனக் கொள்ளவேண்டும் என்று, 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகளும் கூறுகின்றன. இதனை அறியக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. படகு நேராகச் செல்லும்பொழுது, இருந்த இடத்திலிருந்தே அதன் தூணொன்றின் நேரே எதிர்வரும் வள்ளத்தைப் பாருங்கள். அது தூணைவிட்டு முன்னோ பின்னோ விலகிக்கொண்டிருந்தால், பொதுவாக அச்சமில்லை. தூணோடு ஒட்டியபடியே பெரிதாகி வருமாயின், உடனே படகோட்டிக்குச் சொல்லுங்கள்.