பதினோராவது மாறிக்கு என்ன விலை?

பத்து மாறிகள் உள்ள பல்லுறுப்புக்கோவை மாதிரியில் இன்னொன்றைச் சேர்க்க, ஆர் மொழியில் ஒரு பெயரைத் தட்டினால் போதும். அதன் செலவைப் படிதான் தீர்மானிக்கிறது.

உறுப்புகள் (மாறிலி உட்பட)
படி 1: 11 → 12, கூடுதல் 1
படி 2: 66 → 78, கூடுதல் 12
படி 3: 286 → 364, கூடுதல் 78
படி 4: 1,001 → 1,365, கூடுதல் 364

ஒவ்வொரு கூடுதலும் மேல் வரியின் புதிய தொகையாகவே இருக்கிறது. புதிதாக வரும் எல்லா உறுப்பிலும் புது மாறி இருந்தாக வேண்டும். அதை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு படி குறைந்த கோவையின் உறுப்பு. காரணம் அவ்வளவுதான்.

நினைவகம்
1,00,000 நிரைகள், எண்ணுக்கு 8 பைட், படி 3: அணியின் அளவு 228.8 மெகாபைட்டிலிருந்து 291.2க்கு ஏறும். மீச்சிறு வர்க்கத் தீர்வின் வேலை நிரல் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு வளர்வதால், ஏறத்தாழ 1.62 மடங்காகும்.

கோவையையே சேமிப்பதானால் ராபின் ஹான்கினின் 'மல்டிபோல்' தொகுப்பு முழு அடுக்காக வைக்கும்: 10,48,576 அறைகள் 41,94,304 ஆகும். அவற்றில் அதிகபட்சம் 364 அறைகளுக்கே வேலை. அவருடைய 'ஸ்ப்ரே' தொகுப்பு சுழியல்லாத உறுப்புகளை மட்டுமே வைக்கிறது.

நிரல்களும் பெயர்களும்
சூத்திரத்தில் (அ+ஆ+இ)^2 என்று எழுதினால் பெருக்கல் உறுப்புகள் வரும், வர்க்கங்கள் வரா. பத்து மாறிகளுக்கு 66 வர வேண்டிய இடத்தில் 56 உறுப்புகளே கிடைக்கும். 'பாலி' சார்பு வர்க்கங்களையும் தரும். இரு மாறிகள், படி 2 என்றால் ஐந்து நிரல்கள்: 1.0, 2.0, 0.1, 1.1, 0.2. மூன்றாம் மாறி வந்ததும் நிரல்கள் ஒன்பதாகும், பழைய 1.1 இனி 1.1.0. பழைய பெயரைச் சொல்லிக் கெழுவை எடுக்கும் கட்டளைக்கு அந்தக் கெழு கிடைக்காது.

தரவு
மிகப் பெரிய செலவு இதுதான். கையில் 300 பதிவுகள், படி 3 என்று கொள்வோம். பத்து மாறிகளுக்கு 286 கெழுக்கள் போக மிஞ்சுவது 14. விளைவு வெறும் இரைச்சலாக இருந்தாலும் ஆர்-வர்க்கத்தின் எதிர்பார்ப்பு மதிப்பு 285/299, அதாவது 0.95. பார்ப்பவர் மாதிரி அருமை என்று நம்பிவிடுவார். பதினோராவது மாறி வந்தால் 364 கெழுக்கள் வேண்டும். குறைந்தது 64 கெழுக்களுக்கு ஆர் மதிப்பே தராது.

இதே 300 பதிவுகளில் படியை 2க்கு இறக்கினால் பதினோரு மாறிகளுக்கும் சேர்த்து 78 கெழுக்கள், 222 மிஞ்சும். இரைச்சலுக்கு எதிர்பார்க்கும் ஆர்-வர்க்கம் 0.26ஆகக் குறையும். படி 3இல் பதினோராவது மாறிக்கு மட்டும் கொடுக்கும் விலைக்கு, படி 2இல் பதினோரு மாறிகளின் முழுக்கோவையே கிடைத்துவிடுகிறது. ஆகவே புது மாறி அவசியம் என்று பட்டால், முதலில் படியைக் குறையுங்கள். பிறகு மாறியைச் சேருங்கள்.