ஹெச்.பி.வி. பாசிட்டிவ்: சீட்டை ஒளிக்க வேண்டாம், அடுத்த தேதியை விட வேண்டாம்



கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றால் முன்பெல்லாம் நம்மில் பலர் பின்கட்டு வழியாக நழுவிவிடுவோம். இப்போது அப்படியில்லை. முகாம் என்றால் நாலு பேர் சேர்ந்து போகிறோம். இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் ரிசல்ட் வந்த பிறகுதான் சிக்கல். "பாசிட்டிவ்" என்று எழுதிய சீட்டை வாங்கியதும் சிலர் அதை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் சொல்வதில்லை, ராத்திரி தூக்கமில்லை, மறுபடி வரச் சொன்ன தேதிக்கும் போவதில்லை. பரிசோதனை செய்த பலன் முழுக்க அங்கேயே போய்விடுகிறது.

அதனால் இந்த இதழில் ஹெச்.பி.வி. பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பேசுவோம். படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஹெச்.பி.வி. என்றால் என்ன?

ஹெச்.பி.வி. என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் கிருமி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் தோலில் மருவை உண்டாக்கும், அவ்வளவுதான். சுமார் 14 வகைகள் மட்டும் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். அவற்றிலும் 16, 18 என்று எண் கொடுத்திருக்கும் இரண்டு வகைகளே கருப்பை வாய்ப் புற்றுநோயில் 100-க்கு 70 பங்குக்குக் காரணம். இந்தக் கிருமிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உடலுறவில் ஈடுபட்ட பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை இந்தக் கிருமி வந்து போகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சளி பிடித்து உடம்பே அதைச் சரிசெய்துகொள்வது போல, 100 பேருக்கு வந்தால் சுமார் 90 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும்.

மீதிப் பேருக்குக் கிருமி போகாமல் தங்குகிறது. அப்படிப் பல வருடம் தங்கினால் கருப்பை வாயில் சிறுசிறு மாற்றங்கள் வரலாம். அந்த மாற்றங்களைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறும். அதற்கு பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே வரலாம்.

ஆகவே, ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் "உனக்குப் புற்றுநோய்" என்று அர்த்தமில்லை. "உன்னிடம் இந்தக் கிருமி இருக்கிறது, உன்னைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும்" என்பதுதான் அர்த்தம். வயலில் பயிர் பழுக்கும் முன்னே இலையில் புள்ளி தெரிந்தால் நாம் சந்தோஷப்படுவோம், மருந்தடிக்க நேரம் இருக்கிறதே என்று. இதுவும் அப்படித்தான்.

பெயர் குழப்பம் வேண்டாம்

ஹெச்.பி.வி. வேறு, ஹெச்.ஐ.வி. வேறு. காதில் ஒரே மாதிரி விழுவதால் ஊரில் தப்பாகப் பரவிவிடுகிறது. ஹெச்.ஐ.வி. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் கிருமி. கர்ப்பமான பெண்களுக்குப் பார்க்கும் மஞ்சள்காமாலை 'பி' பரிசோதனையும் வேறு. "அவளுக்கு அந்த நோயாம்" என்று யாராவது ஆரம்பித்தால், அங்கேயே நிறுத்தி இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் சீட்டில் இருப்பது எந்தப் பரிசோதனை?

"பாசிட்டிவ்" என்ற வார்த்தை இரண்டு விதமான பரிசோதனைகளில் வரும். எது என்று நர்சம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, வினிகர் பரிசோதனை. கருப்பை வாயில் வினிகர் போன்ற அமிலத் திரவத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்ததெல்லாம் புற்றுநோய் இல்லை. புண், சாதாரணக் கிருமித் தொற்று இருந்தாலும் சில சமயம் வெள்ளையாகத் தெரியலாம்.

இரண்டாவது, ஹெச்.பி.வி. பரிசோதனை. சின்னப் பிரஷ்ஷால் நீரை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை இது சொல்லும். கருப்பை வாயில் மாற்றம் வந்திருக்கிறதா என்பதை இது சொல்லாது.

இரண்டில் எதில் பாசிட்டிவ் வந்தாலும் அடுத்த கட்டப் பரிசோதனை உண்டு. அதற்குப் போனால்தான் உண்மை நிலை தெரியும்.

திண்டுக்கல் பெண்கள் காட்டிய வழி

இதெல்லாம் பட்டணத்துக்காரர்களுக்கு என்று நினைக்காதீர்கள். இந்த முறை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள். 2000-ஆம் ஆண்டு அங்கே ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000-க்கும் அதிகமான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளே வினிகர் பரிசோதனை செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது.

மகாராஷ்டிர மாநிலம் உஸ்மானாபாத் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. அங்கே வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஹெச்.பி.வி. பரிசோதனை செய்ததிலேயே இந்த நோயால் வரும் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

பரிசோதனை மட்டுமே இந்த உயிர்களைக் காப்பாற்றிவிடவில்லை. பாசிட்டிவ் வந்த பெண்கள் அடுத்த கட்டத்துக்கும் போனார்கள். அதுதான் காரணம். நம் நாட்டில் 2022-இல் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது, ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் இவை.

அடுத்து என்ன செய்வார்கள்?

• கால்போஸ்கோப்பி: பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வைத்துக் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் நெல்மணி அளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சுருக்கென்று இருக்கும். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

• மாற்றம் எதுவும் இல்லை என்றால் சிகிச்சை வேண்டாம். ஆனால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடி பரிசோதனை செய்ய வேண்டும்.

• மாற்றம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் குளிர வைத்தோ, சூடு வைத்தோ அழித்துவிடுவார்கள். சிலருக்கு மின்வளையத்தால் எடுப்பார்கள். பிறகு சில வாரம் தண்ணீர் போல வெள்ளைப்படலாம். சுமார் ஒரு மாதம் உடலுறவு கூடாது. காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, அதிக ரத்தப்போக்கு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கிருமியை நேரடியாகக் கொல்லும் மாத்திரை எதுவும் இல்லை. சிகிச்சை என்பது கிருமி உண்டாக்கிய மாற்றத்துக்குத்தான். "ஒரு மண்டலம் சாப்பிட்டால் கிருமி ஒழியும்" என்று சூரணமும் லேகியமும் விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் முக்கியம். ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. "வயசாச்சு, பிள்ளை பெத்தாச்சு, எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், கால்போஸ்கோப்பி ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கடன் வாங்கி ஆபரேஷன் செய்வதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேளுங்கள்.

"யாரால் வந்தது?"

பல பெண்களைக் கொல்லாமல் கொல்லும் கேள்வி இதுதான். கணவர் மனைவியைச் சந்தேகப்படுகிறார், மனைவி கணவரைச் சந்தேகப்படுகிறார்.

இந்தக் கிருமி உடம்பில் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். போன மாதம் வந்ததா, கல்யாணமான புதிதில் வந்ததா என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது. ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான பரிசோதனையும் கிடையாது. கணவரை இழந்து பத்து வருடம் ஆன சகோதரிக்கும் பாசிட்டிவ் வரலாம். ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம். இந்தச் சீட்டு யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி ஆகாது.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இப்படிச் சொல்லலாம்: "நெறைய பேருக்கு வந்து போற கிருமிதானாம். புற்றுநோய் இல்லையாம். வராம தடுக்கத்தான் இன்னொரு டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீங்களும் கூட வாங்க." கணவரை அழைத்துப் போனால் நர்சம்மாவே அவருக்கு விளக்கிச் சொல்வார். சொன்னால் அடி உதை வரும் என்று பயம் இருந்தால், முதலில் நம்பிக்கையான ஒருவரிடமும் நர்சம்மாவிடமும் சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாமல் சிகிச்சையை விட்டுவிடுவது மட்டும் கூடாது.

வீட்டில் எப்படி இருக்கலாம்?

சமைக்கலாம், பரிமாறலாம். ஒரே தட்டு, தம்ளர், கழிப்பறை வழியாக இது பரவாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். கர்ப்பம் தரிக்கலாம், ஆனால் கர்ப்பமாக இருப்பதைப் பரிசோதனையின்போது சொல்லிவிட வேண்டும். கணவரோடு சேர்ந்திருக்கலாம். ஆணுறை பரவலைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது.

பீடி, சிகரெட் பழக்கம் கிருமி தங்குவதற்குத் துணை போகும். வெற்றிலையோடு புகையிலை போடுவது வாய்ப் புற்றுநோய்க்கு வழி. இரண்டையும் விடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், கடைசி ஆளாக மிச்சம் மீதியைச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம்.

முதல் சில வாரம் மனசு கனமாகத்தான் இருக்கும். அழுகை வரலாம், கோபம் வரலாம். அது இயல்பு. தனியாகச் சுமக்காமல் ஒருத்தரிடமாவது பேசுங்கள்.

உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

நம் குழு என்ன செய்யலாம்?

1. ரகசியம் காப்போம். ரிசல்ட்டைக் கூட்டத்தில் கேட்கக் கூடாது. உள்கடன் கொடுத்தால் தீர்மானப் புத்தகத்தில் "மருத்துவச் செலவு" என்று எழுதினால் போதும்.

2. துணைக்குப் போவோம். ஒரு நாள் கூலியும் பஸ் காசும்தான் பலரைத் தடுக்கிறது. ஒருவர் கூடப் போக, இன்னொருவர் பிள்ளையையும் ஆடு மாட்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

3. தேதியை நினைவூட்டுவோம். அடுத்த பரிசோதனைத் தேதியைச் சேமிப்புப் பாஸ்புக்கின் பின் அட்டையில் அவரவரே குறித்துக்கொள்ளலாம். மாதாமாதம் கையில் எடுக்கும் புத்தகம் அதுதானே.

4. செலவு பற்றிக் கேட்டறிவோம். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் பரிசோதனை இலவசம். புற்றுநோய் என்றே ஆனாலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற வழி இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள்.

நம் பெண் பிள்ளைகளுக்கு

இந்தக் கிருமி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் நல்ல பலன். ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லியிருக்கிறது. 14 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் ஊரில் எப்போது, எங்கே போடுகிறார்கள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள கிருமியை இந்த ஊசி போக்காது. ஊசி போட்ட பிள்ளைகளும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சகோதரிகளே, வாங்கிய கடனுக்குத் தவணை தேதி தவறாமல் கட்டுகிறவர்கள் நாம். நம் உடம்புக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியையும் அதே மாதிரி காப்போம். டிரங்குப் பெட்டியில் இருக்கும் சீட்டை இன்றைக்கே வெளியே எடுங்கள். தேதி தாண்டிப் போயிருந்தாலும் பரவாயில்லை, நாளைக்குப் போகலாம். துணைக்கு நாங்கள் வருகிறோம்.